முதல் வரைவை என்ன செய்வது?

முதல் நாவலை எழுதி முடித்தவர்களில் பெரும்பாலோர் மறுநாளே உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தைத் திறந்து விட்டுப்போன ‘க்’, ‘ச்’களைப் போடுவார்கள். ஒரு வாக்கியத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் நான்கு பக்கம் நகர்ந்திருக்கும். அடுத்த நாள் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து. ஒரு மாதம் இப்படிப் போனால் முதல் முப்பது பக்கம் பளபளக்கும். மிச்சம் முந்நூறு பக்கம் எழுதியபோது இருந்த கோலத்திலேயே கிடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் நாவல்களில் வெட்டி எறிய வேண்டியது பெரும்பாலும் அந்த முதல் முப்பது பக்கம்தான். அதற்குள் அவற்றின்மேல் பாசம் ஊறியிருக்கும். வெட்டக் கை வராது.

ஆகவே பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். முதலில் கதை, அப்புறம் காட்சி, அப்புறம் வாக்கியம், கடைசியில்தான் எழுத்துப்பிழை. இந்த வரிசை மாறினால் நாளைக்கு வெட்டப்போகும் பக்கத்துக்கு இன்றைக்குச் சந்தி பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இது இன்னும் அவசியம். எடிட்டர் என்கிற ஆள் நம்மிடம் பத்திரிகை அலுவலகத்தில் உண்டு, பதிப்பகத்தில் அரிது. நாவலை ஏற்றுக்கொள்ளும் பதிப்பகங்களில் பல மெய்ப்பு மட்டுமே பார்க்கும். கதை எங்கே தொங்குகிறது என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. விதிவிலக்குகள் உண்டு. க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் கைப்பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்பதற்குப் பேர்போனவராக இருந்தார். இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாகவே வந்தது. அப்படியொருவர் உங்களுக்கு வாய்த்தால் நல்லது. வாய்க்காது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆறப்போடுவதும் முதல் வாசிப்பும்

முடித்த கையோடு படிக்காதீர்கள். ஸ்டீஃபன் கிங் 2000இல் எழுதிய ‘ஆன் ரைட்டிங்’ நூலில் குறைந்தது ஆறு வாரம் கைப்பிரதியை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கச் சொல்கிறார். எனக்கு அது முதல் நாவலுக்குப் போதாது என்று தோன்றும். மூன்று மாதம் தாராளமாகப் போடலாம். அந்த நாட்களில் வேறு ஏதாவது எழுதுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். நாவலின் வாக்கியங்கள் மனப்பாடமாக இருக்கும்வரை நீங்கள் படிப்பது பக்கத்தில் இருப்பதை அல்ல, மனதில் இருப்பதை.

பிறகு அச்செடுத்துப் படியுங்கள். திரையில் படித்தால் கை தானாகத் திருத்தப் போய்விடும். இரண்டு மூன்று நாளில், ஒரு வாசகர் படிக்கும் வேகத்தில் முடித்துவிட வேண்டும். ஓரத்தில் இரண்டே குறிகள்: சலித்த இடத்தில் ஒரு கோடு, குழம்பிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. சலிப்பை ஏமாற்ற முடியாது. உங்கள் கண்ணே மூன்று பத்தியைத் தாண்டிக் குதித்தால் வாசகரின் கண் மூன்று பக்கத்தைத் தாண்டும்.

படித்து முடித்ததும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் இல்லாத எது இதன் முடிவில் இருக்கிறது? ‘சரவணன் ஊருக்கு வருகிறான், பழைய நண்பர்களைப் பார்க்கிறான், ஆற்றங்கரையில் நடக்கிறான்’ என்று எழுத நேர்ந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை. ‘வீடு தன் பெயரில் இல்லை என்று சரவணனுக்குத் தெரிகிறது’ என்று எழுத முடிந்தால் நடந்திருக்கிறது. இருபத்தைந்து அத்தியாயத்தில் ஏழெட்டு முதல் வகையாக இருப்பது சகஜம், பதற வேண்டியதில்லை. அவற்றில் இருக்கும் நல்ல இரண்டு பத்தியை எடுத்துப் பக்கத்து அத்தியாயத்தில் சேர்க்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

எழுத நினைத்த நாவலும் எழுதிய நாவலும்

ஹார்ப்பர் லீயின் அனுபவத்தை முதல் நாவல் எழுதும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957இல் அவர் லிப்பின்காட் பதிப்பகத்திடம் கொடுத்த கைப்பிரதியின் பெயர் ‘கோ செட் எ வாட்ச்மேன்’. இருபத்தாறு வயது ஜீன் லூயி நியூயார்க்கிலிருந்து அலபாமாவில் இருக்கும் சொந்த ஊருக்கு வருகிறாள். தெய்வமாக நினைத்திருந்த தகப்பன், நிறவெறியர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். நடுநடுவே அவளுடைய சிறுவயது நினைவுகள். அங்கே பதிப்பாசிரியராக இருந்த டே ஹோஹாஃபுக்கு அந்த நினைவுப் பகுதிகள்தான் பிடித்தன. அந்தச் சிறுமியின் கண் வழியாகவே நாவலை எழுதச் சொன்னார்.

லீ திருத்தவில்லை, ஏறக்குறைய முழுதாகத் திரும்ப எழுதினார். கதை இருபது வருடம் பின்னால் போய் 1930களில் உட்கார்ந்தது. படர்க்கையில் இருந்தது தன்மைக்கு மாறியது. பழைய வரைவில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு நீதிமன்ற வழக்கு புதிய நாவலின் முதுகெலும்பானது. முன்னதில் விடுதலையான கறுப்பின இளைஞன் பின்னதில் தண்டிக்கப்படுகிறான். அப்படி 1960இல் வந்ததுதான் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. பழைய கைப்பிரதி 2015இல் தனிப் புத்தகமாக வந்துவிட்டதால், இன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். நாவல் திருத்தத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

உங்கள் கைப்பிரதியிலும் இதைத் தேடுங்கள். எழுதும்போது எந்தப் பக்கங்கள் தாமாக ஓடின? எந்தப் பாத்திரம் நீங்கள் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பேசியது? பேரனின் காதல் கதையை எழுத நினைத்து உட்கார்ந்தீர்கள். ஆனால் பாட்டி வரும் நாற்பது பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. அப்படியானால் நாவல் பாட்டியுடையது. பேரனை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இந்த முடிவை எடுக்காமல் வாக்கியத்தைத் தொட்டால் பேரன் அழகாகப் பேசுவான், அவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது, எதை வெட்டுவது

நம் ஊர் முதல் நாவல்களின் தொடக்கத்துக்குச் சில வாய்பாடுகள் உண்டு. பேருந்தில் ஊர் திரும்புகிறவன் சன்னலோரம் உட்கார்ந்து பழசை நினைக்கிறான். சாவு வீட்டில் பறை கேட்கிறது. ஊர் எப்படி உண்டானது என்று பத்துப் பக்கம் வரலாறு. கேட்டால் கி. ராஜநாராயணன் செய்யவில்லையா என்பார்கள். செய்தார், ‘கோபல்ல கிராம’த்தில் ஒரு கூட்டம் ஆந்திரப் பக்கத்திலிருந்து தப்பி வந்து கரிசல் மண்ணில் குடியேறுவதுதான் கதையே. உங்கள் கதை 2008இல் ஒரு பனியன் கம்பெனியில் நடக்கிறதென்றால் ஊரின் பூர்வீகம் எதற்கு? கதை சூடுபிடிக்கும் முதல் காட்சியைக் கண்டுபிடித்து அங்கே தொடங்குங்கள். அதற்கு முன்னால் இருப்பதில் தவிர்க்கவே முடியாத செய்தி என்று பார்த்தால் பொதுவாக அரைப் பக்கம் தேறும். அதைப் பின்னால் எங்காவது ஒரு பேச்சில் நுழைத்துவிடலாம்.

அளவைப் பற்றி கிங்கின் அதே நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: இரண்டாம் வரைவு முதல் வரைவைவிடப் பத்து சதவீதம் குறைய வேண்டும். இளம் வயதில் தனக்கு வந்த ஒரு நிராகரிப்புக் குறிப்பில் இதைப் படித்ததாகச் சொல்கிறார். முதல் நாவலுக்கு நான் இருபது என்பேன். வெட்டியதை அழிக்க வேண்டாம்; ‘வெட்டியவை’ என்று தனிக் கோப்பு வைத்து அதில் போடுங்கள். எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தால் கை துணியும். அந்தக் கோப்பைத் திரும்பத் திறப்பவர்கள் குறைவு.

முதலில் போக வேண்டியவை: பாத்திரம் பேசிய பிறகு அந்தப் பேச்சின் பொருளை விளக்கும் வரி, அத்தியாயக் கடைசியில் வரும் தத்துவம், நடந்ததை இன்னொரு பாத்திரத்திடம் முழுக்கத் திரும்பச் சொல்லும் காட்சி. இவற்றில் மூன்றாவது, வார இதழ்த் தொடர்கதையிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. போன வாரத்தை நினைவூட்டுவதற்கு அங்கே காரணம் இருந்தது. ஒரே மூச்சில் படிக்கும் நாவலில் அந்தக் காரணம் இல்லை.

உறவுமுறை, நாள், காசு

கதை ஒரு நிலைக்கு வந்தபின் தகவல் சரிபார்ப்பு. தமிழ் நாவலில் இதன் முதல் ஆபத்து உறவுமுறை. நாயகனின் அம்மா பக்கத்து வீட்டுக்காரரை ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறாள். அப்படியானால் நாயகனுக்கு அவர் மாமா, அவர் மகள் கட்டிக்கொள்கிற முறை. நாற்பது பக்கம் கழித்து நாயகனின் அப்பாவும் அவரை ‘அண்ணே’ என்கிறார். இப்போது அவர் பெரியப்பா, மகள் தங்கச்சி. நூற்றிருபதாம் பக்கத்தில் இருவரும் காதலிக்கிறார்கள்! நிஜ ஊரில் புருஷன், பெண்டாட்டி இருவருமே ஒருவரை அண்ணன் என்பதுண்டுதான். நாவலில் வாசகருக்கு உறவைக் காட்டுவது அந்த ஒரு சொல் மட்டுமே. ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரைந்து, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ‘நீ’யா ‘நீங்க’ளா என்று எழுதி, அதை வைத்துக்கொண்டு உரையாடல்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். ‘நீங்க’ ‘நீ’யாக மாறுகிற இடம் வேண்டுமென்றே செய்ததாக இருந்தால் அது நல்ல காட்சி. மறதியால் நேர்ந்திருந்தால் வாசகர் இல்லாத அர்த்தத்தைத் தேடுவார்.

அடுத்து நாள். தீபாவளி இரவில் நிலா காய்வதை எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகைக்கு ஏது நிலா? மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. வைகாசியில் குறுவை அறுவடை நடந்தால் தஞ்சாவூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். 1983இல் நடக்கிற கதையில் திண்டுக்கல் மாவட்டம் இருக்கக் கூடாது, அது பிரிந்தது 1985இல். 1998இல் குடிகாரன் தனியார் கடைக்குத்தான் போக முடியும், டாஸ்மாக் சில்லறைக் கடைகள் 2003இன் கடைசியில் வந்தவை. 2013 ஜூலைக்குப் பிறகு தந்தி வராது. நாலணா 2011 ஜூனோடு செல்லாமல் போனது. அத்தியாயவாரியாக வருடம், தமிழ் மாதம், பாத்திரங்களின் வயது என்று ஒரு அட்டவணை போட்டால் இவற்றில் முக்கால்வாசி தானாகக் கண்ணில் படும். ஒரு பெண் பத்து மாதத்துக்குள் இரண்டு பிள்ளை பெற்றிருப்பதும் அதில்தான் தெரியவரும்.

பேச்சும் எழுத்தும்

எடுத்துரைப்பு எழுத்து வழக்கில், உரையாடல் வட்டார வழக்கில் என்பது நம் நாவல்களில் நிலைபெற்ற ஏற்பாடு. வட்டார வழக்கை எழுத்தில் கொண்டுவருவதற்கு நிலைத்த எழுத்துமுறை எதுவும் கிடையாது. கி.ரா. 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே போட்டார், அதுபோன்றவை சொல்லுக்கு உதவும். உச்சரிப்பை எப்படி எழுதுவது என்பது உங்கள் பொறுப்பு. ‘வந்துட்டான்’, ‘வந்திட்டான்’, ‘வந்துட்டாம்’ மூன்றும் ஒரே ஆளின் வாயில் வந்தால் அவருக்கு ஊர் இல்லாமல் போகும். அடிக்கடி வரும் முப்பது நாற்பது வினைவடிவங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு ஒன்றையே கடைப்பிடியுங்கள். எல்லாவற்றையும் காதில் விழுவதுபோலவே எழுதவும் வேண்டாம், வாசகர் எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவார். கொங்கு ‘ஏனுங்க’, நெல்லை ‘என்னல’, ‘வே’ இவற்றைச் சரியான இடத்தில் வைத்தால் மிச்சத்தை வாசகரின் காது பார்த்துக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘வே’ போட்டால் நாடக மேடையாகிவிடும்.

இனி வாக்கியம். முதல் வரைவுகளில் சாதாரணமாகக் காண்கிற மாதிரி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

“ஒரு கனத்த மௌனம் அந்த அறையில் நிலவிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி தன்னுடைய கண்களில் இருந்து வழிந்துகொண்டிருந்த கண்ணீரைத் தன் கைகளால் துடைத்துக்கொண்டே, ‘நான் இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்’ என்று உறுதியான குரலில் சொன்னாள். அவளுடைய முடிவை இனி யாராலும் மாற்ற முடியாது என்பதை அவளுடைய அம்மா உணர்ந்துகொண்டாள்.”

இதில் பிழை எதுவும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் அப்படியே விட்டுவிடுவார். ஆனால் மௌனம் கனமாக இருந்தது என்று நாம் சொன்னால் போதாது, அது கனக்க வேண்டும். கண்ணீர் கண்ணிலிருந்துதான் வரும், கையால்தான் துடைப்பார்கள். குரல் உறுதியானது என்பது பேச்சிலேயே இருக்கிறது. கடைசி வரி அம்மாவின் மனதைத் திறந்து வாசகரிடம் கொடுத்துவிடுகிறது, வாசகருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இப்படி மாற்றலாம்:

“முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்.’ அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.”

பத்தி பாதியாகக் குறைந்தது. அது பெரிதல்ல. அம்மா என்ன நினைத்தாள் என்பது இப்போது அரிசியில் இருக்கிறது. வெட்டுவதோடு நின்றால் நடை வறண்டுபோகும். வெட்டிய இடத்தில் அந்த மனிதர் அந்த வீட்டில் செய்யக்கூடிய ஒரு காரியத்தை வைக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் செம்மையாக்கத்தில் கடினமான பகுதி, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

தேடிப் பிடிக்க வேண்டிய வேறு சில: தேவையில்லாத ‘ஒரு’, எல்லா வினையிலும் தொற்றிக்கொள்ளும் ‘கொண்டிருந்தான்’, ‘உணர்ந்தான்’, ‘தோன்றியது’, உரையாடலுக்குப் பின் ‘என்றான்’ அலுத்துவிடுமோ என்று பயந்து போடும் ‘வினவினான்’, ‘பகர்ந்தான்’, ‘மொழிந்தான்’. ‘என்றான்’ யார் கண்ணையும் உறுத்தாது. இரண்டு பேர் மட்டும் பேசும் காட்சியில் அதுகூட வேண்டியதில்லை. இந்தச் சுற்றில் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடம் வாக்கியம் உடைய வேண்டிய இடம்.

பெயர் மாற்றும்போது

பாதி வழியில் பாத்திரத்தின் பெயரை மாற்றத் தோன்றும். கணினியில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரே அழுத்தாக அழுத்திவிடாதீர்கள். ‘மணி’யைச் ‘சேகர்’ ஆக்கினால் ‘பத்து மணிக்கு’ ‘பத்து சேகர்க்கு’ ஆகும், மணியார்டர் சேகர்யார்டர் ஆகும், கண்மணியின் கதி சொல்ல வேண்டாம். வேற்றுமை உருபும் இடிக்கும்: ‘மணியை’ என்பது ‘சேகர்யை’ என்று வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது ஒன்றே வழி. ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளைச் சில விசைப்பலகைகள் இரண்டு துண்டாகப் பதிகின்றன. திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் சிக்காமல் போகலாம். எனவே தேடி முடித்த பிறகும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பிறர் கண்

இந்தக் கட்டத்தில்தான் கைப்பிரதியை நாலு பேரிடம் கொடுக்கலாம். எழுத்தாள நண்பர் ஒருவர் போதும். அவர் தன் நாவலாக மாற்றப் பார்ப்பார். நாவல் படிக்கும் பழக்கமுள்ள இரண்டு பேர், கதை நடக்கும் ஊரையோ தொழிலையோ உள்ளிருந்து அறிந்த ஒருவர். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்பார்கள். எந்தப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீர்கள், யாருடைய பெயர் நினைவில் இல்லை, எந்த இடத்தில் நம்பவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வைக் கேட்டுக்கொண்டு மறந்துவிடலாம். சுட்டிய இடத்தை மறக்கக் கூடாது. மூன்று பேர் மூன்று காரணம் சொல்லி ஒரே அத்தியாயத்தைக் காட்டினால் கோளாறு பெரும்பாலும் அங்கேயோ அதற்கு முந்திய அத்தியாயத்திலோ இருக்கும். சொந்தக்காரர் யாராவது தன்னை அடையாளம் கண்டு சண்டைக்கு வருவார் என்ற சந்தேகமிருந்தால், பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தொழில், தெரு, உடம்பின் அடையாளம், சம்பவம் நடந்த வரிசை எல்லாவற்றையும் கலைத்துப் போடுங்கள். பாத்திரமும் அப்போதுதான் உங்கள் பிடிக்கு வரும்.

கடைசியில் எழுத்து

இப்போது ஒற்றுப்பிழை. மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இரண்டும் மேசையில் இருக்கட்டும். சொற்களைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதில் அறிஞர்களிடமே ஒருமித்த கருத்து கிடையாது. ‘செய்துகொண்டு’ என்று தொடங்கினால் முந்நூறாம் பக்கம்வரை அதுவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா, எண்களை எழுத்தில் எழுதுவதா இலக்கத்திலா என்பதையும் இப்போதே முடிவுசெய்து ஒரு தாளில் குறித்து, கைப்பிரதியோடு பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.

எப்போது அனுப்புவது என்பதும் திருத்தத்தின் பகுதியே. ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்தே பதிப்பகங்களின் ஆண்டு ஓடுகிறது. அக்டோபர், நவம்பரில் போய்ச் சேர்கிற முதல் நாவலை நிதானமாகப் படிக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது; ஏற்றுக்கொண்டாலும் அவசர மெய்ப்போடு அச்சுக்குப் போகும். காட்சி முடிந்து ஒரு மாதம் விட்டு, பிப்ரவரி, மார்ச்சில் அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்த ஒரே கோப்பு, பக்க எண்ணோடு, அரைப் பக்கக் கதைச்சுருக்கத்தோடு. பக்க வடிவமைப்பில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ‘ஸ்ரீ’யும் மேற்கோள் குறிகளும் சிதையக்கூடும் என்பதால் வடிவமைத்த பிரதியைக் கேட்டு வாங்கி முழுக்கப் படியுங்கள். அதில் பிழையை மட்டும் திருத்துங்கள். அந்த நேரத்தில் புதிதாக ஒரு பத்தி தோன்றினால் அடுத்த நாவலுக்கான குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.